இடது கால் செருப்பும் மூன்று பூஜ்யங்களும்: ஈப்போவுக்கு ஒரு முதுகெலும்புப் பயணம்

மார்ச் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை. கிள்ளான் பாசாரில் கெம்போங் மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது. தெரியாத எண். எடுத்தால் ஒரு பெண் குரல்.

"அக்கா, ஈப்போ ஹாஸ்பிட்டல்லேருந்து பேசுறேன். நீங்க முனியாண்டி அண்ணனோட தங்கச்சிதானே? அவரு ஃபோனே எடுக்க மாட்டேங்குறாருலா."

ஆஸ்பத்திரி, அண்ணன், ஃபோன் எடுக்கவில்லை. இந்த மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டால் எப்படி இருக்கும்? எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. மீன்காரன் நான் பேரத்தில் கோபித்துக்கொண்டேன் என்று நினைத்து விலையில் ஒரு வெள்ளி குறைத்துவிட்டான். விஷயம் பயப்படும்படி ஒன்றுமில்லை. போன வருடம் அண்ணனுக்கு முதுகெலும்பில் அறுவைசிகிச்சை நடந்தது. அது ஒரு ஆய்வின் பகுதி. ஒரு வருடம் முடிந்ததால் கடைசிப் பரிசோதனைக்கு அவர் வர வேண்டும். வரவும் இல்லை, வரமாட்டேன் என்று சொல்லவும் இல்லை. அண்ணியும் மகளின் பிரசவத்துக்காக ஜொகூர் போயிருந்தார். ஆய்வுத் தாளில் இரண்டாவது தொடர்பு எண் என்னுடையது.

இந்த வலைப்பூவில் நான் வழக்கமாகத் தீவு, மலை, அருவி என்று எழுதுகிறவள். இந்த முறை அண்ணனின் முதுகு. வீட்டுப் பெரியவர்களை ஈப்போவுக்குத் தொடர்சிகிச்சைக்கு அழைத்துப் போகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு பத்துக்குக் கிள்ளானில் கொமுட்டர் ரயில். கோலாலம்பூர் சென்ட்ரலில் இறங்கி, ஒன்பது மணிக்கு ஈப்போவுக்கு மின்சார ரயில். டிக்கெட் முப்பத்தாறு வெள்ளி. இரண்டரை மணி நேரம். ரயிலுக்குள் குளிர் எலும்பைத் துளைக்கும், சால்வை இல்லாமல் ஏறாதீர்கள். இடது பக்கத்தைவிட வலது பக்கம் உட்காருங்கள், ஈப்போ நெருங்கும்போது சுண்ணாம்புக்கல் மலைகள் நன்றாகத் தெரியும். நான் எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன், இருந்தாலும் கழுத்தைத் திருப்பாமல் இருக்க முடிவதில்லை.

ஈப்போ நிலையத்தில் இருந்து அண்ணன் வீடு சிம்பாங் பூலாய் தாண்டி உள்ளே, மொத்தம் இருபத்திரண்டு கிலோமீட்டர். ஃபோன் செயலியில் கூப்பிடுகிற இ-ஹெய்லிங் கார், முப்பது வெள்ளி. தோட்டம் என்றுதான் நாங்கள் இன்னும் சொல்கிறோம், ஆனால் ரப்பர் மரம் மருந்துக்குக்கூட இல்லை. பாதி எண்ணெய்க்கான செம்பனை, பாதி தாமான் என்கிற குடியிருப்பு வீடுகள். டிரைவர் ஈப்போவின் புந்தோங் பகுதிக்காரர். எங்கே போகிறேன் என்று விசாரித்து, காரணத்தைக் கேட்டு, தன் முதுகுவலியை என்னிடம் சொல்ல ஆரம்பித்தவர் வீட்டு வாசல் வரை நிறுத்தவில்லை. முதுகு இருக்கிற எல்லாருக்கும் ஒரு கதை இருக்கிறது.

அண்ணனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வயது அறுபத்தொன்று. முப்பது வருடம் லாரி ஓட்டியவர். வயதாக ஆக, முதுகெலும்புக்குள் நரம்புகள் போகிற குழாய் சிலருக்குச் சுருங்கிவிடும். அண்ணனுக்கு அப்படித்தான் ஆனது. ஐம்பது அடி நடந்தால் கால் இரண்டும் மரத்துப்போய், எங்கேயாவது குந்திவிடுவார். எட்டு மாதம் நாற்காலியில் உட்கார்ந்தபடிதான் தூங்கினார்.

இதற்கு அறுவைசிகிச்சை இரண்டு விதமாகச் செய்கிறார்கள். சின்னதாகக் கீறி, நரம்பை நெருக்குகிற எலும்பை மட்டும் செதுக்கி விடுவது ஒன்று. அதோடு திருகாணியும் கம்பியும் வைத்து எலும்புகளை இறுக்குவது இன்னொன்று. யாருக்கு எது நல்லது என்பதில் உலகம் பூராவும் டாக்டர்களுக்குள் வாதம் தீரவில்லை. வாதத்தைத் தீர்க்க ஒரே வழி, சம்மதிக்கிற நோயாளிகளை இரண்டு கூட்டமாகப் பிரித்து, பிறகு பொறுமையாகப் பார்ப்பதுதான். யார் எந்தக் கூட்டம் என்று டாக்டரும் முடிவு செய்வதில்லை, நோயாளியும் முடிவு செய்வதில்லை. கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும்.

அண்ணனுக்குத் திருகாணி இல்லாத கூட்டம் விழுந்தது. "பக்கத்து வீட்டுக்காரனுக்கு ஆறு ஸ்க்ரூ போட்டாங்க, எனக்கு ஒரு நட்டுகூட குடுக்கல" என்று அப்போது குறைப்பட்டுக்கொண்டார். ஆனால் இரண்டாம் நாளே எழுந்து நடந்தார். அன்றிலிருந்து அந்தத் தழும்பு அவருக்குப் பதக்கம் மாதிரி. யாரைப் பார்த்தாலும் சட்டையைத் தூக்கிவிடுவார். என்னை இறக்கிவிட்ட டிரைவருக்கும் காட்டினார். "பாத்தீங்களா, சுண்டு விரல் நீளம்தான்!"

"அது சரி, ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகல?" என்று கேட்டேன்.

"எதுக்கு? மூணு தடவ போயிட்டேன். வலி எவ்வளவுன்னு கேப்பாங்க, பூஜ்யம்னு சொல்வேன். நாலாவது பூஜ்யத்துக்கு எதுக்கு அவ்வளவு தூரம்? ஃபோன்லயே போட்டுக்கச் சொல்லு."

சாயங்காலம் கூடத்தில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை அவர் நடப்பதும் திரும்புவதுமாக இருந்தார். உடற்பயிற்சி என்று நினைத்து நானும் மெச்சிக்கொண்டேன். எனக்கும் புத்தி இல்லை பாருங்கள்.

புதன்கிழமை காலை ஆறே முக்காலுக்குக் கிளம்பினோம். அண்ணனின் பழைய கார், கியர் மாற்றி ஓட்டுவது. அவரே ஓட்டினார். கியர் மாற்றும்போதெல்லாம் வண்டி குதித்தது. வண்டிக்கு வயதாகிவிட்டது என்று வண்டியைத் திட்டினேன்.

சந்திப்பு ஒன்பது மணிக்கு. அதற்கு முன் பசியாற புந்தோங்கில் ஒரு ரொட்டிக் கடை. கடைக்காரர் தமிழ் முஸ்லிம், கல்லாவிலும் அவர்தான், கல்லிலும் அவர்தான். ஆளுக்கு இரண்டு ரொட்டி சானாய், பருப்புக் குழம்பு, நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் தேநீர். எல்லாம் சேர்த்துப் பதினொரு வெள்ளி. ரொட்டி பூப்போல இருந்தது. குழம்பில்தான் உப்பு என்பது பெயருக்குக்கூட இல்லை.

கடைக்காரர் மேசைக்கு வந்தார். "எப்படிண்ணே, சாப்பாடு?"

"ஃபர்ஸ்ட் கிளாஸ்!" என்றார் அண்ணன், வழித்து நக்கியபடி.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "அண்ணே, தப்பா நெனச்சுக்காதீங்க. குழம்புல உப்பே இல்ல."

அவர் உள்ளே போய் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தார். முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! "யா அல்லா! ஆறு மணிலேருந்து ஒரு பெரிய சட்டி காலியாயிருச்சு. அத்தன பேரும் தின்னுட்டு சிரிச்சிட்டுப் போயிட்டாங்க, ஒருத்தரும் வாயத் தொறக்கலையேலா! நீங்க சொல்லலன்னா நான் மத்தியானம் வரைக்கும் இதையே ஊத்திக்கிட்டு இருப்பேன்." என் தேநீருக்குக் காசு வேண்டாம் என்றார். அண்ணன் என்னை முறைத்தார். சாப்பிட்ட இடத்தில் குறை சொல்லிவிட்டேனாம்.

எழுந்து கை கழுவி, காரை நோக்கி நடந்தோம். அண்ணன் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். பின்னாலிருந்து கடைக்காரர் கத்தினார். "அண்ணே! செருப்பு! செருப்ப விட்டுட்டுப் போறீங்க!"

திரும்பிப் பார்த்தேன். மேசைக்கு அடியில் ஒற்றைச் செருப்பு. அண்ணனைப் பார்த்தேன். வலது காலில் செருப்பு இருந்தது. இடது கால் வெறுங்கால். சரளைக்கல் போட்ட தரையில் இருபது அடி நடந்திருக்கிறார். அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். களவு செய்து அகப்பட்டவர் முகம் அது.

"சாவியக் குடு" என்றேன். எடுத்துக் கொடுத்தார். வண்டி குதித்தது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. கிளட்சு இடது காலில் அல்லவா இருக்கிறது!

காருக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்தினேன். "எத்தன நாளா?"

"தைப்பூசத்துலேருந்து." கொஞ்சம் தயங்கினார். "வெறுங்காலோட பால்குடம் தூக்கிட்டுப் போனேன்லா. வெயில்ல தார் ரோடு கொதிக்குது, எல்லாரும் துள்ளுறாங்க. எனக்கு எடது கால் சுடவே இல்ல. முருகன் அருள்னு நெனச்சு அழுதுட்டேன்."

"வலி?"

"அது முன்னாலேருந்தே. மூணாவது தடவ போனப்பவே லேசா இருந்துச்சு. இப்ப தொடையிலேருந்து இழுக்குது."

"அப்புறம் எதுக்கு பூஜ்யம் போட்ட?"

அவர் வெளியே பார்த்துக்கொண்டே பேசினார். "எட்டு மாசம் உக்காந்தே தூங்குனவன நிமித்தி நடக்க வச்ச புள்ளலா அந்த டாக்டர். அதோட ஆராய்ச்சி. அது முன்னால போயி வலிக்குதுன்னு நம்பர் சொன்னா, ஆபரேஷன் சரியில்லன்னுதான அர்த்தம்? உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணச் சொல்றியா?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. காலே போனாலும் பரவாயில்லை, டாக்டர் மனம் நோகக்கூடாது! நேற்று கூடத்தில் நடந்ததும் உடற்பயிற்சி இல்லையாம். ஆஸ்பத்திரி நடைபாதையில் நடக்கச் சொல்வார்கள், அங்கே நொண்டாமல் நடக்க ஒத்திகை! "அட மடப்பயலே" என்று கத்திவிட்டேன். மூத்தவர், அடித்திருந்தாலும் வாங்கியிருப்பேன். அவர் கடைக்காரர் கொண்டுவந்து கொடுத்த செருப்பை மாட்டிக்கொண்டார். மாட்டும்போதுகூடக் குனிந்து கண்ணால் பார்த்துத்தான் மாட்டினார்.

புந்தோங்கிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பதினைந்து நிமிடம். எட்டே காலுக்கே வண்டி நிறுத்த இடம் நிரம்பிவிட்டது. வெளியே சாலையோரம் நிறுத்திவிட்டு நானூறு மீட்டர் நடந்தோம். முதுகு நோயாளியோடு போகிறவர்கள் அவரை வாசலில் இறக்கிவிட்டு, பிறகு இடம் தேடுங்கள். நான் கோபத்தில் அதைக்கூட யோசிக்கவில்லை.

ஆய்வு அறை இரண்டாம் மாடியில், ஒரு மூலையில். ஃபோனில் பேசிய மிஸ்ஸி, அதாவது நர்ஸ், அங்கே இருந்தார். பெயர் லோகேஸ்வரி, சிலிபின்காரர், முப்பத்தைந்து வயது இருக்கும். வராமல் போகிற நோயாளிகளைத் தேடிப் பிடிப்பதும் அவர் வேலைதான். போன மாதம் ஒருவரைத் தேடிச் செம்பனைக் காட்டுக்குள் போய், கார் சேற்றில் மாட்டி, கடைசியில் அந்த நோயாளியே தள்ளிவிட்டாராம். "முதுகு ஆபரேஷன் செஞ்ச மனுஷன் கார் தள்ளுறாரு, நான் உள்ளுக்க உக்காந்து அழுவுறேன், எவ்ளோ சூசா, எவ்ளோ கஷ்டம் பாருங்க" என்று சிரித்தார். ஒரு ஆள் விட்டுப்போனால் கணக்கு கோணலாகிவிடும், நன்றாக ஆனவர்கள் வராமல் போகலாம், மோசமானவர்களும் வராமல் போகலாம், யார் எதற்காக வரவில்லை என்று தெரியாவிட்டால் பதிலை நம்ப முடியாது என்று விளக்கினார். எனக்கு அந்தப் பெண்ணை அப்போதே பிடித்துப்போயிற்று.

அண்ணன் பழக்கதோஷத்தில் சட்டை நுனியைப் பிடித்தார்.

"அண்ணே, கைய எடுங்க!" மிஸ்ஸி கண்ணை மூடிக்கொண்டார். "சட்டைய உள்ளுக்க விடுங்க. உங்களுக்கு எந்த ஆபரேஷன்னு எனக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சா என் மனசு ஒரு பக்கம் சாஞ்சிரும்."

கேள்வி கேட்கிறவருக்கே எந்தக் கூட்டம் என்று தெரியாதாம். தன் மனது சாயும் என்று முன்கூட்டியே தெரிந்து, கண்ணைக் கட்டிக்கொண்டு வேலை செய்கிறார்கள். நான் ஐம்பத்தாறு வருடத்தில் இப்படி ஒரு நேர்மையைப் பார்த்ததில்லை. நான் எல்லாம் ஆளைப் பார்த்த மாத்திரத்தில் தீர்ப்பு எழுதுகிறவள்.

மேசையில் தமிழில் அச்சடித்த தாள். ஒரு கோடு, பூஜ்யத்திலிருந்து பத்து வரை.

"அண்ணே, போன வாரத்துல கால் வலி எவ்வளவு?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். "மிஸ்ஸி, அவருக்கு..."

"அக்கா." குரல் மென்மைதான், ஆனால் கதவைச் சாத்தியது போல் இருந்தது. "உங்க கால் இல்ல. அவரு வாயால வரணும். இல்லன்னா நான் எழுத முடியாது."

உண்மையைச் சொல் என்று வழியிலேயே அவரிடம் சொல்லாமல் வந்துவிட்டேனே என்று பதறினேன். இது கடைசிச் சந்திப்பு. இங்கே பூஜ்யம் போட்டுவிட்டு நடந்து காட்டினால், அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவார். அப்புறம் யார் கூப்பிடுவார்கள்? அந்தப் பாதம் என்ன ஆகும்? நான் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன். வாழ்க்கையில் முதல் தடவை.

மிஸ்ஸி அவசரப்படுத்தவில்லை. பேனாவைத் தாளின் மேல் வைத்தபடி காத்திருந்தார். அண்ணன் தன் இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிஸ்ஸி, காலைல ஒரு கடையில சாப்டோம். குழம்புல உப்பே இல்ல. ஆறு மணிலேருந்து எல்லாரும் தின்னுட்டு ஃபர்ஸ்ட் கிளாஸ்னுட்டுப் போயிருக்காங்க. நானும் அப்படித்தான் சொன்னேன்." தொண்டையைச் செருமினார். "ஆறு. படுத்தா ஏழு. எடது பாதம் உணர்ச்சி இல்ல."

மிஸ்ஸி முகத்தில் வருத்தமும் இல்லை, ஆச்சரியமும் இல்லை. ஆறு என்று குறித்தார். "எப்பலேருந்து, அண்ணே?"

தைப்பூசக் கதையைச் சொன்னார். மிஸ்ஸி முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "முருகன் அருள் குடுத்தா ரெண்டு காலுக்கும் சேத்துத்தான் குடுப்பாருண்ணே. ஒரு காலுக்கு மட்டும் குடுக்க மாட்டாரு."

பிறகு செருப்பைக் கழற்றி, கால் கட்டைவிரல்களைத் தூக்கச் சொன்னார். வலது விரல் நிமிர்ந்து நின்றது. இடது விரல் அசைந்தது, எழவில்லை. மிஸ்ஸி எழுந்து டாக்டரைக் கூப்பிடப் போனார்.

"மிஸ்ஸி, ஒரு நிமிசம்" என்றார் அண்ணன். "மொத ரெண்டு பூஜ்யம் நெசம். மூணாவது பொய். அத அழிச்சிடுங்க."

"அழிக்கக்கூடாதுண்ணே. அன்னிக்கு நீங்க சொன்னது அன்னிக்கு சொன்னதுதான். இன்னிக்கு இப்படி சொன்னீங்கன்னு பக்கத்துல தனியா எழுதி, தேதி போட்டு, என் கையெழுத்து போடுவேன். ரெண்டும் இருக்கும்."

அண்ணனுக்கு ஆபரேஷன் செய்த டாக்டர் சுமதி அரை மணி நேரத்தில் வந்தார். அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "மன்னிச்சிக்கங்க டாக்டர், ஆறு போட்டுட்டேன்."

"உக்காருங்கண்ணே. என் ஆபரேஷன் நல்லா இருக்குன்னு சொல்றதுக்கு எங்கம்மா இருக்காங்க" என்றார் அந்தப் பெண், அவர் பாதத்தைக் கையில் ஏந்தியபடி. "நீங்க எனக்கு நெஜத்த சொல்லுங்க. உங்களுக்கு அப்புறம் வர்றவங்களுக்கு நான் எத செய்யணும்னு உங்க ஆறுதான் எனக்குச் சொல்லும்." எனக்குக் கண் கலங்கிவிட்டது. குறை சொன்னால் கோபிக்கிற உலகத்தில், குறையைக் கேட்பதற்கென்றே ஒரு அறை கட்டி, ஒரு மிஸ்ஸியையும் வைத்திருக்கிறார்கள்!

அந்த வெள்ளிக்கிழமையே எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். பழைய அறுவைசிகிச்சைக்கு ஒரு படி கீழே, எலும்புகளுக்கு நடுவில் இருக்கிற ஒரு தட்டு பிதுங்கி நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. அதிலிருந்து மூன்றாவது வாரம் ஆபரேஷன் செய்து அதை எடுத்தார்கள். இன்னும் சில மாதம் விட்டிருந்தால் பாதத்தைத் தூக்கவே முடியாமல் போயிருக்கலாம் என்றார் டாக்டர். உணர்ச்சி திரும்புமா என்று கேட்டதற்கு, "சொல்ல முடியாது, பாப்போம்" என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறார்கள், அதுவும் எனக்குப் பிடித்தது.

நான் அந்தப் புதன்கிழமை மாலையே நாலரை ரயிலில் திரும்பினேன். ரயிலுக்கு முன் ஈப்போ வெள்ளைக் காப்பியைக் கையோடு கொண்டுபோகத் தாப்பாவ் கட்டி வாங்கிக்கொண்டேன், அதைத் தவறவிடாதீர்கள்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். சந்திப்பு ஒன்பது மணி என்றால் ஏழரைக்கே ஆஸ்பத்திரியில் இருங்கள். பின்பக்கம் வார் உள்ள செருப்புப் போட்டுக்கொண்டு போகச் சொல்லுங்கள், ஆனால் அதற்கு முன் ஒரு நாள் சாதாரணச் செருப்பில் நடக்கவிட்டு, கழன்றால் அவருக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். அறைக்குள் போனால் அவர்களுக்குப் பதிலாக நீங்கள் பேசாதீர்கள். என்னைப் போன்ற வாய்க்காரிகளுக்கு அது கஷ்டம்தான், கையை வைத்துப் பொத்திக்கொள்ளலாம். முக்கியமாக, முந்தின இரவே வீட்டில் சொல்லிவிடுங்கள்: வலியைச் சொல்வது டாக்டரைக் குறை சொல்வது ஆகாது.

இப்போது ஜூலை. தினமும் காலை அண்ணனிடமிருந்து ஃபோனில் ஒரு எண் வரும். நலமா என்ற கேள்வி கிடையாது, வெறும் எண். ஐந்து, ஐந்து, நான்கு. ஒரு வாரம் முழுக்க மூன்று. ஒரு நாள் "ஆறு, மழை" என்று வந்தது, நான் பயந்துபோய்க் கூப்பிட்டுத் திட்டு வாங்கினேன்.

நேற்று எண் வரவில்லை. மத்தியானம் ஒன்றரைக்கு ஒரு குரல் செய்தி வந்தது. பின்னணியில் லாரிச் சத்தம், தெருவில் நின்று பேசுகிறார் போல. மூச்சு வாங்குகிறது.

"தங்கச்சி, வெறுங்காலோட தார் ரோட்டுல வந்து நின்னு பாத்தேன். சுட்டுச்சுலா! ரெண்டு காலும் சுட்டுச்சு!"